வீட்டுக்காரரின் ஜீன்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பையனுக்கு வாடகை வீடு பார்க்கப் போயிருந்தேன். பையன் என்றால் இருபத்தாறு வயது. என்னோடு வேலை பார்த்தவரின் மகன். கடலூர்ப் பக்கம். சென்னையில் வேலை கிடைத்து, மேன்ஷனில் மூன்று பேரோடு ஓர் அறையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து அம்மாவை அழைத்துவர வேண்டும் என்பதால் வீடு தேடினான். 'பெரியவங்க யாராவது கூட வந்தா வீட்டுக்காரங்க கொஞ்சம் நம்புவாங்க சார்' என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். நரைத்த தலைக்கு இந்த ஊரில் இன்னமும் அந்த ஓர் உபயோகம் இருக்கிறது.

வீடு எங்களுக்குப் பிடித்துவிட்டது. மாடியில் இரண்டு அறை, தனி மீட்டர், ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். அட்வான்ஸ்கூட அநியாயமாக இல்லை. வீட்டுக்காரர் ரிட்டயர்டு அதிகாரி. நல்ல மனிதர், இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. உட்காரவைத்து, காபி வரவழைத்து, பையனின் வேலை, சம்பளம், அப்பாவின் உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி அந்தக் கேள்விக்கு வந்தார்.

'தம்பி, கேக்கறேன்னு தப்பா நெனைக்கக் கூடாது. சாப்பாடெல்லாம் எப்படி?'

'இப்ப வெளியிலதான் சார். அம்மா வந்துட்டா வீட்லதான்.'

'அதில்ல... நான்-வெஜ் உண்டா?'

பையன் பொய் சொல்லவில்லை. 'மீன் சாப்பிடுவோம் சார்' என்றான்.

வீட்டுக்காரரின் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. 'உங்களைக் குறை சொல்றதா நெனைக்காதீங்க தம்பி. எங்களுக்கு அது ஒத்துக்காது. தலைமுறை தலைமுறையா ரத்தத்துலயே கிடையாது. இப்ப சயின்ஸே சொல்லிடுச்சே! வெஜிடேரியன் ஜீன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான். நம்ம புனே ஜனங்ககிட்டதான் ரத்தம் எடுத்துப் பாத்திருக்கான்' என்று எழுந்துபோய், ஒரு ஃபைலிலிருந்து 2016-ஆம் வருஷத்துப் பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். கவனியுங்கள், பையனிடம் அல்ல, என்னிடம்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி நான் ஏற்கெனவே படித்திருந்தேன். அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று ஓரளவு எனக்குத் தெரியும். பையன் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் துண்டுக் காகிதத்தைப் படிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, 'ம்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்தேன்.

ஏன் பேசவில்லை? காபி நன்றாக இருந்தது, மனிதர் மரியாதையாக நடந்துகொண்டார், வீடு அவருடையது என்று பல காரணங்களை அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. நானும் மாமிசம் சாப்பிடாதவன். என்னைப் பார்த்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்காமலே என்னைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் உட்கார எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் அந்த ஜீனுக்கு நியாயம் செய்துவிடலாம். அதன் பெயர் ஃபேட்ஸ்-2. நம் பதினோராவது குரோமோசோமில், ஃபேட்ஸ்-1, ஃபேட்ஸ்-3 என்ற இரண்டு சொந்தங்களோடு கூட்டுக்குடித்தனம் நடத்துகிறது. அதன் வேலை ஒரு என்சைம் தயாரிப்பது. அந்த என்சைமின் வேலை, நாம் சாப்பிடும் கொழுப்பில் கைவைப்பது.

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கிற சங்கிலி. நம் வீட்டு நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் லினோலியிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. பதினெட்டு கார்பன், நடுவில் இரண்டு இடத்தில் இரட்டைப் பிணைப்பு. ஆளி விதையிலும் கடுகு எண்ணெயிலும் அதன் தம்பி இருக்கிறான். அவனுக்கு மூன்று இடத்தில். இந்த இரண்டையும் நம் உடம்பு சொந்தமாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். கொழுப்பே இல்லாத சாப்பாட்டைப் போட்டு எலிகளை வளர்த்து, அவை நோயில் விழுவதைப் பார்த்து, 1929-இல் இந்த விஷயத்தைச் சொன்னவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வேலை பார்த்த ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி. அதுவரை கொழுப்பு என்றால் வெறும் எரிபொருள் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மூளைக்கும் கண்ணின் திரைக்கும் இந்தப் பதினெட்டு கார்பன் சரக்கு போதாது. இன்னும் நீளமான, இன்னும் அதிக இரட்டைப் பிணைப்புள்ள அராக்கிடோனிக் அமிலம், டி.ஹெச்.ஏ. போன்றவை வேண்டும். அவை மீனில், முட்டையில், மாமிசத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும். சாப்பிடாதவர்கள் என்ன செய்வது? வீட்டிலேயே தைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தையல்காரர்தான் ஃபேட்ஸ்-2. தாவர எண்ணெயில் வந்த குட்டைச் சங்கிலியில் ஒரு முடிச்சு போடுவார். வேறு என்சைம்கள் நீட்டும், அடுத்த முடிச்சு போடும். கடைசியில் மூளைக்கு வேண்டியது கொஞ்சமாவது வந்துசேரும்.

பூனைக்கு இந்தத் தையல்காரர் கிட்டத்தட்ட லீவில் இருக்கிறார். அதன் உடம்பில் அந்த என்சைமின் வேலை மிகக் குறைவு. ஆகவே, பூனைக்கு அராக்கிடோனிக் அமிலம் இன்னொரு பிராணியின் உடம்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். தயிர்சாதம் மட்டும் போட்டுப் பூனை வளர்ப்பதாகப் பெருமைப்படுகிற வீடுகளில், அந்தப் பூனை ராத்திரியில் எங்கே போகிறது என்று விசாரித்தால் தெரியும். பூனை எலியைப் பிடிப்பதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை. பாவம் என்பதற்கு வேறு வழி இருக்க வேண்டும். இந்தப் பூனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி புனே. அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தியர்களோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. இந்த ஜீன் இருக்கும் வட்டாரத்தில் சிலருக்கு 22 எழுத்துகள் கூடுதலாக இருக்கின்றன. எழுத்து என்றால் டி.என்.ஏ.வின் எழுத்து. இந்த 22 எழுத்துச் செருகல் இருந்தால் தையல்காரர் கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை செய்கிறார். பெரும்பாலும் மரக்கறி சாப்பிடுகிற, புனேவைச் சேர்ந்த 234 பேரைப் பார்த்தார்கள். அப்பா கொடுத்த பிரதி, அம்மா கொடுத்த பிரதி இரண்டிலும் இந்தச் செருகல் இருந்தவர்கள் 68 சதவீதம். பெரும்பாலும் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த 311 அமெரிக்கர்களில் 18 சதவீதம்தான். தலைமுறை தலைமுறையாகத் தாவர உணவு சாப்பிட்ட ஜனங்களிடம் இந்த ஜீன் வடிவம் பெருகியிருக்கலாம் என்றார்கள். பத்திரிகைகள் அதற்கு 'வெஜிடேரியன் ஜீன்' என்று பெயர் வைத்துவிட்டன. வீட்டுக்காரரின் ஃபைலுக்கு ஒரு துண்டு கிடைத்தது.

அந்தத் துண்டில் எல்லாமே சரிதான். ஆனால், அதே ஆராய்ச்சிக் கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைத் துண்டில் காணோம். 'ஆயிரம் ஜீனோம்' என்ற சர்வதேசத் திட்டத்தின் விவரங்களையும் அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அதன்படி, இரண்டு பிரதியிலும் செருகல் உள்ளவர்கள் தெற்காசியர்களில் 70 சதவீதம், ஆப்பிரிக்கர்களில் 53, கிழக்காசியர்களில் 29, ஐரோப்பியர்களில் 17.

70! புனேயின் மரக்கறிக்காரர்களைவிட இரண்டு கூடுதல். சரி, அந்தத் திட்டத்தில் தெற்காசியர்கள் என்றால் யார்? அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருக்கிற குஜராத்திகள், சரி. ஆனால் கூடவே லாகூரின் பஞ்சாபிகள், பங்களாதேஷின் வங்காளிகள், பிரிட்டனில் குடியேறிய தெலுங்கர்கள், அதே பிரிட்டனில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள். லாகூரில் போய் நிகாரியையும் கபாபையும் எடுத்துவிட்டால் அந்த ஊரில் என்ன மிஞ்சும்? ஹில்ஸா மீன் வங்காளிக்கு வெறும் உணவா? இலங்கைத் தமிழரின் ஒடியல் கூழில் நண்டும் இறாலும் இல்லாவிட்டால் அதைக் கூழ் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? இவர்களையெல்லாம் சேர்த்துத்தான் அந்த 70.

அதாவது, தன் 'ரத்தத்திலேயே' இருப்பதாக வீட்டுக்காரர் நினைக்கிற அந்த 22 எழுத்து, எதிரே உட்கார்ந்திருந்த மீன் சாப்பிடுகிற பையனின் ரத்தத்திலும் இருப்பதற்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். தமிழ்நாட்டில் 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். இன்னொன்று, வீட்டுக்காரர் தனக்கு அந்தச் செருகல் இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்த்தவர் இல்லை. நானும்தான். ஜாதகம் பார்க்காமலே உச்சத்தில் குரு என்று சொல்லிக்கொள்வதுபோல் இது.

புள்ளிவிவரத்தில் ஜெயிப்பது சுலபம். அதற்காக மட்டும் இதை எழுத உட்காரவில்லை. நாளைக்கே இன்னொரு ஆராய்ச்சி வந்து, மரக்கறிக் குடும்பங்களில் 95 சதவீதம், மீன் சாப்பிடுகிற குடும்பங்களில் 5 சதவீதம் என்று சொன்னால்? அப்போது வீட்டுக்காரர் செய்தது நியாயமாகிவிடுமா? இதுதான் என்னை உறுத்திய கேள்வி.

ஒரு ஜீன் வடிவம் ஒரு ஜனத்தொகையில் எப்படிப் பெருகுகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இயற்கைத் தேர்வு என்று புத்தகத்தில் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தேர்வு என்றால் பாஸ் ஆனவர்கள் மட்டும் இல்லையே. தானியமும் கீரையும் மட்டுமே கிடைத்த ஏதோ ஒரு காலத்தில், தையல்காரர் மந்தமாக இருந்த உடம்புகளில் குழந்தைகள் கொஞ்சம் குறைவாகப் பிழைத்தன. தாய்மார்கள் கொஞ்சம் குறைவாகக் கருத்தரித்தார்கள். சுறுசுறுப்பாக இருந்த உடம்புகளில் கொஞ்சம் கூடுதலாக. இப்படிப் பல நூறு தலைமுறை. 68 சதவீதம் என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது, பெயர் தெரியாத ஏராளமான குழந்தைகளின் சாவு. ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே பழைய எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தவர்கள், விவசாயம் வந்து கஞ்சியும் ரொட்டியும் பிரதானமான பிறகு, சுறுசுறுப்பான தையல்காரர் பெருகியதைக் கண்டிருக்கிறார்கள். அந்த ஐரோப்பிய விவசாயிகள் ஜீவகாருண்யத்தால் வேட்டையைக் குறைத்தவர்கள் அல்ல.

நம் முன்னோர்களும் அப்படித்தான். கொல்லக் கூடாது என்று மனதார விலகியவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். ஆனால் மாமிசம் வாங்க வக்கில்லாமல், கேழ்வரகும் கீரையும் தின்று காலம் தள்ளியவர்கள் எத்தனை பேர்? வருஷத்துக்கு ஒரு தடவை, கொடையன்றைக்கு மட்டும் கறி பார்த்த குடும்பங்கள் எத்தனை? ஜீனுக்கு இந்த இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. கருணையால் காலியாக இருந்த பானையும் வறுமையால் காலியாக இருந்த பானையும் அதற்கு ஒன்றுதான். என் தாத்தாவின் தாத்தா மீனைத் தொடாமல் இருந்தது கொள்கையாலா, ஊரில் ஆறு குளம் இல்லாததாலா என்று என் உடம்பைக் கேட்டால், அது பதில் சொல்லாது. இந்த ஜீனை வைத்து ஒழுக்கத்தில் உயர்த்தி என்று ஒருவர் மார்தட்டுவது, பசியில் செத்த யாரோ ஒருவரின் கணக்கைத் தன் புண்ணியக் கணக்கில் வரவு வைப்பது மாதிரி எனக்குப் படுகிறது.

இந்த ஜீன் இப்படிச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுவது இது முதல் தடவை அல்ல. அதே 2016-இல், அதே ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு, மேற்கத்தியப் பத்திரிகைகளில் நேர் எதிரான தலைப்புகளும் வந்தன. தலைமுறை தலைமுறையாக மரக்கறி சாப்பிட்டால் டி.என்.ஏ. மாறிப் புற்றுநோயும் மாரடைப்பும் வரும் என்று! ஆராய்ச்சியாளர்கள் சொன்னது இவ்வளவுதான்: சுறுசுறுப்பான தையல்காரர் உள்ளவர்கள், சூரியகாந்தி மாதிரியான ஒமேகா-6 எண்ணெய்களை அளவுக்கு மீறிச் சேர்த்தால், அராக்கிடோனிக் அமிலம் அதிகமாகி உடம்பில் அழற்சி கூடலாம். அது எண்ணெயின் அளவைப் பற்றிய எச்சரிக்கை. அதை வைத்து ஒருத்தர் மரக்கறிக்காரர்களைப் பயமுறுத்தினார், இன்னொருத்தர் மரக்கறிக்காரர்களுக்குப் பட்டம் கட்டினார். பாவம், 22 எழுத்து.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது தாய்ப்பால் விஷயம். 2007-இல் ஒரு பிரபலமான ஆராய்ச்சி வந்தது. நியூசிலாந்தில் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த குழந்தைகள், பிரிட்டனில் 1994-95-இல் பிறந்த இரட்டையர்கள் என்று இரண்டு கூட்டத்தைப் பார்த்து, ஃபேட்ஸ்-2 ஜீனின் ஒரு குறிப்பிட்ட வடிவம் உள்ள குழந்தைகள் தாய்ப்பால் குடித்திருந்தால், ஐ.க்யூ. சுமார் ஏழு புள்ளி கூடுதல் என்றார்கள். வேறு வடிவம் உள்ள சிறுபான்மைக் குழந்தைகளுக்கு அந்த லாபம் இல்லை. உலகம் பூராவும் செய்தியானது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் சிக்கல். பத்து நாள் ஐ.சி.யூ.வில் இருந்தாள், பால் வற்றிவிட்டது. குழந்தை பவுடர்பாலில்தான் வளர்ந்தது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, 'ஏழு மார்க்கை நானே குறைச்சுட்டேன் மாமா' என்றாள். அவள் வீட்டில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்! அந்தக் குழந்தையின் ஜீன் வடிவம் எது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. அந்த ஆராய்ச்சியைப் பிறகு பலர் பல நாடுகளில் திரும்பச் செய்துபார்த்தார்கள். ஒன்றில் எதிர்மாறாக வந்தது, ஒன்றில் எதுவுமே வரவில்லை. 2019-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை ஒன்றாக அலசியபோது, அந்தக் கருத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. முதல் செய்திக்குக் கிடைத்த கொட்டை எழுத்து இதற்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். தாய்ப்பால் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நல்லது என்பதிலிருந்து, கொடுக்க முடியாதவள் குற்றவாளி என்பதற்கு எந்த ஜீனும் பாலம் போட்டுத் தரவில்லை. அதை நாமே போட்டுக்கொள்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில், ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் இதைத்தான் தன் புத்தகத்தில் ஒரு சின்ன பாராவில் சொல்லிவிட்டுப் போனார். 'இப்படி இருக்கிறது', 'இப்படி இருக்கிறது' என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறவர்கள், திடீரென்று 'ஆகவே இப்படி இருக்க வேண்டும்' என்று தாவிவிடுகிறார்கள். நடுவில் எப்படித் தாவினார்கள் என்று சொல்வதில்லை என்பது அவருடைய புகார். நம் வீட்டுக்காரரின் துண்டில் இருந்ததெல்லாம் 'இருக்கிறது'. அவர் பையனிடம் சொன்னது 'கூடாது'. தாவியது எங்கே என்று கேட்டிருக்க வேண்டியவன் நான்.

கிரீன்லாந்துக்கும் ஒரு நடை போய்வரலாம், வீட்டுக்காரரின் ஹாலிலிருந்தே வழி இருக்கிறது. அவர் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் மாத்திரை டப்பாக்கள். ஒரு டப்பாவின் மேல் மீன் படம். ஒமேகா-3 மீன் எண்ணெய் மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். மருந்து என்று வந்துவிட்டால் எல்லாருமே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம், இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அந்த மாத்திரை வந்த கதை. 1970-இல் பாங், டையர்பெர்க் என்ற இரண்டு டேனிஷ் டாக்டர்கள் கிரீன்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய், 130 இனுவிட் மக்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீலும் திமிங்கிலமும் மீனுமாகக் கொழுப்பை அள்ளிச் சாப்பிடுகிற ஜனங்களின் ரத்தத்தில் கொழுப்பு குறைவாக இருந்தது. கடல் கொழுப்பு இருதயத்துக்கு நல்லது என்ற கருத்து அங்கிருந்து கிளம்பி, உலகம் முழுக்க மாத்திரையாகியது.

2015-இல் இன்னொரு கூட்டம் அதே கிரீன்லாந்து மக்களின் ஜீன்களைப் பார்த்தது. மிக அழுத்தமான மாற்றம் எங்கே தெரிந்தது? நம் ஃபேட்ஸ் குடும்பத்தில்தான். அவர்களிடம் கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருக்கிற ஒரு வடிவம், ஐரோப்பியர்களில் 2 சதவீதம் பேரிடமும் சீனாவின் ஹான் மக்களில் 15 சதவீதம் பேரிடமும்தான் இருந்தது. சாப்பாட்டிலேயே வேண்டியதெல்லாம் வந்து குவிவதால், அவர்களின் தையல்காரர் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். உயரத்தைக்கூட அந்த வடிவம் இரண்டு சென்டிமீட்டர் குறைத்திருக்கிறது. அதாவது, இனுவிட் சாப்பாடு இனுவிட் உடம்புக்குச் செய்ததை, அப்படியே கான்சாஸ்காரருக்கும் நம் வீட்டுக்காரருக்கும் செய்யும் என்று சொல்ல முடியாது. 2018-இல் அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்திய பெரிய சோதனையில், தினம் ஒரு கிராம் ஒமேகா-3 மாத்திரை சாப்பிட்டதால் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கில் குறிப்பிடும்படியான குறைவு தெரியவில்லை. (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டிரைகிளிசரைடு எகிறியவர்களுக்கு டாக்டர் வேறு காரணத்துக்காக, வேறு அளவில் கொடுத்திருப்பார். அவரைக் கேளுங்கள், என்னை அல்ல.)

இனுவிட் மனிதர் சீலைத் தின்பதும் புனேக்காரர் பருப்பைத் தின்பதும் அவரவர் மண்ணுக்கு உடம்பு கண்டுபிடித்த பதில். இரண்டில் எது புண்ணியம் என்று கேட்டால், கேள்வியே பிழை. பனிப்பாறைக்கு நடுவே கத்தரிக்காய்க்கு எங்கே போவது?

இப்போது அந்தப் பூனையைக் கூப்பிடலாம். பூனைக்கு வேறு வழி இல்லை, ஆகவே அதன்மேல் பழியும் இல்லை, அதற்குப் புகழும் இல்லை. மனிதனுக்கு ஃபேட்ஸ்-2 செய்திருக்கிற ஒரே உபகாரம், இரண்டு வழியையும் திறந்து வைத்ததுதான். மீன் சாப்பிட்டும் இருக்கலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். அதற்குமேல் எதை எடுப்பது என்பது நம் பாடு. சாப்பிடாமல் இருப்பதற்குப் பெருமை என்று ஏதாவது இருந்தால், அது சாப்பிட முடிந்தும் சாப்பிடாமல் இருப்பதில்தானே இருக்க முடியும்? 'எங்க ரத்தத்துலயே கிடையாது' என்று வீட்டுக்காரர் சொன்னபோது, தன் நல்ல குணத்தைத் தானே தள்ளுபடி செய்துகொண்டார். ரத்தம் செய்துவிட்டது என்றால் அவர் என்ன செய்தார்?

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பத்துக் குறளையும் எடுத்துப் பாருங்கள். உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, உன் குலத்துக்கு வழக்கமில்லை என்ற காரணங்கள் அங்கே கிடையாது. அவர் பேசுவது அருளைப் பற்றி. அந்த அதிகாரத்தை அவர் வைத்திருப்பதும் அருளுடைமைக்கு அடுத்துத்தான். அருள் என்று சொன்னால் யாரோடும் வாதாடலாம். மீன் சாப்பிடுகிறவர் எதிர்க்கேள்வி கேட்கலாம்: 'மீனிடம் காட்டுகிற அருளை, வீடு கேட்டு வந்தவனிடம் கொஞ்சம் காட்டக்கூடாதா சார்?' ஜீன் என்று சொல்லிவிட்டால் எதிர்க்கேள்வி கிடையாது. அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு வசதியாக இருக்கிறது.

வீட்டுக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பழக்கமில்லாதவர்களுக்கு மீன் வாசனை குமட்டும், எனக்கும்தான். 'எனக்கு வாசனை தாங்காது தம்பி, என்ன பண்ணலாம்?' என்று அவர் கேட்டிருந்தால், அது ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்கிற கேள்வி. எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாம், இன்ன கிழமை வேண்டாம் என்று பேசிக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் வருத்தத்தோடு பிரியலாம். பேச்சு என்று ஒன்று நடந்திருக்கும். நடந்தது பேச்சு அல்ல. ஒருவர் தன் ரத்தத்தைக் காட்டினார், இன்னொருவன் எழுந்து செருப்பைத் தேடினான். மூன்றாவது ஆள் காபி குடித்தான்.

வீட்டுக்காரருக்கு ஜீன் ஒரு சாக்கு என்றால் எனக்கு மரியாதை ஒரு சாக்கு. பிறர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாதம் பண்ணுவது அழகில்லை என்று என்னை வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பு யாருக்குச் சாதகமாக இருக்கிறது என்று நான் அறுபது வருஷமாக யோசித்ததில்லை.

போன வாரம் பையனுக்குப் போன் செய்தேன். ராயபுரத்தில் வீடு கிடைத்துவிட்டதாம், அம்மா வந்துவிட்டார்களாம். அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை, மன்னித்துக்கொள் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான்.

'விடுங்க சார். நீங்க பேசியிருந்தாலும் அவர் குடுத்திருக்க மாட்டார். ஆனா நீங்க பேசுவீங்கன்னுதான் நெனைச்சேன்' என்றான். அதற்கு நான் என்ன சொல்வது? அவனே பேச்சை மாற்றினான். 'எங்க அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன் சார். அவங்க வெள்ளி, செவ்வாய் சுத்த சைவம். புரட்டாசி பொறந்தா வீட்ல முட்டைகூட வராது. அந்த ஒரு மாசத்துக்கு மட்டும் வீடு கிடைக்குமான்னு அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்கன்னு சிரிக்கிறாங்க.'